மத அடிப்படைவாதம் எங்கே அரசியலாகிறது? வாசிப்பு வட்டத்துக்குக் குறிப்புகள் தேவை

கடலோர வீதி:

வெள்ளவத்தையில் நடக்கும் வாசிப்பு வட்டத்தின் அடுத்த அமர்வு மத அடிப்படைவாதம் பற்றியது. இரண்டு மணிநேரம். சைவர், கத்தோலிக்கர், முஸ்லிம்கள், மதமே வேண்டாம் என்பவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் இருப்பார்கள். “எல்லாச் சமயமும் அன்பைத்தானே சொல்லுது” என்று தொடங்கினால் தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்ப வேண்டியதுதான்.

பக்தி, மறுமலர்ச்சி, இனவாதம், அடிப்படைவாதம் ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும். வரலாற்றை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது, இலங்கையில் எந்தச் சம்பவங்களை எடுப்பது என்றும் தெரிய வேண்டும். ஆண்டு, பெயர், எண்ணிக்கையோடு சொல்லுங்கள். பொதுவான கண்டனங்கள் கையில் தேவைக்கு மேலேயே இருக்கின்றன.

சுவடிக்கூடம்:

ஆதிகாலத்துக்குப் போகாதீர்கள். சிலுவைப் போர், சமணர் கழுவேற்றம் என்று யாராவது தொடங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அந்தக் காலத்தில் எல்லா அரசும் ஏதோவொரு சமயத்தின் அரசுதான். சமயத்துக்கு வெளியே நிற்கும் அரசு, பள்ளிக்கூடம், நீதிமன்றம் என்பவை வந்த பிறகுதான் அவற்றைச் சமயத்துக்காக மீட்க வேண்டும் என்ற அரசியலே பிறக்க முடியும். ஆகவே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிதான் தொடக்கம்.

முதலில் ஐரோப்பா. 1864இல் பாப்பரசர் 9ஆம் பியூஸ் அந்தக் காலத்தின் 80 தவறான கருத்துகள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார். கடைசித் தவறு, பாப்பரசர் முன்னேற்றத்தோடும் தாராளவாதத்தோடும் சமாதானமாகப் போகலாம் என்ற கருத்து. 1870இல் பாப்பரசரின் வழுவாமை, அதாவது அவருடைய அதிகாரபூர்வ போதனை தவறாது என்பது, கோட்பாடாகியது. அடுத்தது அமெரிக்கா. டார்வினும், வேதாகமத்தை ஒரு வரலாற்று ஆவணம்போலப் பிரித்து ஆராய்ந்த ஜெர்மன் அறிஞர்களும் கொடுத்த அதிர்ச்சிக்குப் பதிலாக, 1910 முதல் 1915 வரை ‘த ஃபண்டமென்டல்ஸ்’ (அடிப்படைகள்) என்ற பெயரில் 12 தொகுதிகளாக 90 கட்டுரைகள் வந்தன. பணம் கொடுத்தவர் கலிபோர்னிய எண்ணெய் முதலாளி லைமன் ஸ்டூவர்ட்டும் அவருடைய சகோதரரும். போதகர்களுக்கும் மிஷனரிமாருக்கும் ஏறக்குறைய 30 லட்சம் பிரதிகள் இலவசமாகப் போயின. “ஃபண்டமென்டலிஸ்ட்” (அடிப்படைவாதி) என்ற பெயரை 1920இல் அவர்களே விரும்பிச் சூடிக்கொண்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணெய்ப் பணம், மொத்த அச்சு, தபால் விநியோகம். பழைமையைக் காக்கிறோம் என்றவர்கள் அன்றைய காலத்தின் ஆகப் புதிய கருவிகளைக் கையில் எடுத்தார்கள். கோட்பாடும் அப்படித்தான். வேதத்தின் ஒவ்வொரு வரியும் அறிவியல் அர்த்தத்திலும் சரியென்று நிரூபிக்க நிற்பது, அறிவியலிடமே அளவுகோலைக் கடன் வாங்கிய பிறகுதான் வரும். அதற்கு முந்திய தேவாலயப் பிதாக்கள் உருவகமாகவும் வாசித்தார்கள், ஒருவரும் கலங்கவில்லை.

அளவுகோலாக மூன்று கேள்விகள் போதும். சிகாகோப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டியும் அப்பிள்பியும் 1987இல் தொடங்கிய பெரிய ஒப்பீட்டு ஆய்வு ஒன்பது பண்புகளைப் பட்டியலிட்டது. இரண்டு மணிநேரத்துக்கு அது அதிகம், சுருக்கித் தருகிறேன்.

ஒன்று: மரபில் உள்ள எத்தனையோ விஷயங்களில் சிலவற்றை மட்டும் பொறுக்கி, அவைதான் மூலம், மற்றதெல்லாம் பிற்காலக் கலப்படம் என்று சொல்கிறார்களா? இரண்டு: அதைத் தங்கள் வாழ்க்கையில் கடைப்பிடிப்பதோடு நிற்காமல், சட்டம் வழியாக எல்லார்மீதும் சுமத்தக் கேட்கிறார்களா? மூன்று: தங்கள் சமயத்துக்குள்ளேயே வேறுவிதமாக வழிபடுகிறவர்களை முதலில் வெளியே தள்ளுகிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது அடிப்படைவாதம். முதலாவதற்கு மட்டும் ஆம் என்றால் கடும் ஆசாரம், அவ்வளவுதான். அதற்கு யாரையும் குற்றக்கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

தூண்டில்:

ஐயா, அளவுகோல் நல்லது. ஆனால் அதை எங்கட சைவப் பக்கமும் வைத்துப் பார்க்க வேணும். ஆறுமுக நாவலர் முதல் கேள்விக்கு ஆம்தானே? ஆகமத்தில் இல்லையெண்டு நல்லூரில் மூர்த்தி இருக்க வேண்டிய இடத்தில் வேலாயுதத்தை வைத்துக் கும்பிடுவதைக் கண்டித்தார், கோயிலில் தேவதாசி ஆட்டத்தையும் ஆடு வெட்டுறதையும் கண்டித்தார். மூன்றாவதுக்கும் அரைவாசி ஆம். வட்டத்தில் இதைச் சொன்னால் பாதிப் பேர் கதிரையை விட்டு எழும்பிப் போவினம்.

கொட்டாஞ்சேனைக்காரி:

எழும்பிப் போகமாட்டார்கள், இரண்டாவது கேள்வியையும் சேர்த்துக் கேட்டால். நாவலர் அரசைப் பிடிக்கச் சொல்லவில்லை. அவர் செய்தது வேறு. அதே காலத்தில் இலங்கையில் எல்லாச் சமயமும் செய்த வேலை அது, கருவிகளை வரிசையாக வைத்தால் தெளிவாகத் தெரியும்.

நாவலர் பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியவர். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்குகிறார், அடுத்த ஆண்டு சென்னையில் அச்சியந்திரம் வாங்குகிறார். பிறகு கேள்வி-பதில் வடிவத்தில் சைவ வினாவிடை. அந்த வடிவம் மிஷனரிமாரின் ஞானோபதேசப் புத்தகத்திலிருந்து வந்தது. கொழும்பில், எங்கள் கொட்டாஞ்சேனையில், மிகெட்டுவத்தே குணானந்த தேரர் 1862இல் பௌத்தப் பிரசார சங்கம் அமைத்து அச்சில் இறங்குகிறார். 1873 ஓகஸ்டில் பாணந்துறை விவாதம், எதிர்ப்பக்கம் வெஸ்லியன் போதகர் டேவிட் டி சில்வா. 1880இல் பௌத்த ஆதரவாளரான அமெரிக்கர் ஒல்கொட் வந்து இறங்குகிறார், 1881இல் அவருடைய பௌத்த வினாவிடை வெளியாகிறது. மறுவருடம் சித்திலெப்பை ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்குகிறார். 1888இல் யாழ்ப்பாணத்தில் சைவ பரிபாலன சபை.

கேள்வி-பதில் வடிவத்தில் ஒரு சமயத்தை எழுதினால் என்ன நடக்கும்? ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் அச்சாகும். ஊருக்கு ஊர் வேறான வழிபாடு “அறியாமை” ஆகிவிடும். இதனோடு 1871இல் முதலாவது குடிசன மதிப்பீடு வருகிறது. ஒருவர் ஒரு பெட்டிக்குள்தான் நிற்க வேண்டும். மடு மாதா கோயிலுக்கும் கதிர்காமத்துக்கும் ஒரே ஆள் போய்வந்த நாட்டில் இது சின்ன மாற்றமில்லை. மறுமலர்ச்சி செய்தவர்களின் நோக்கம் தற்காப்பு. மிஷன் பள்ளிக்கூடமும் மிஷன் அச்சகமும் அவ்வளவு ஆதிக்கம் செலுத்தின, கத்தோலிக்கராக நான் அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அவர்கள் கட்டிய சங்கம், பத்திரிகை, பள்ளிக்கூட வலை எல்லாம் 50 ஆண்டுக்குப் பிறகு வந்த அரசியல்வாதிகளுக்குத் தயாராகக் கிடைத்த இயந்திரம்.

1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று கொட்டாஞ்சேனையில் நடந்ததையும் சேருங்கள். குணானந்தரின் தீபதுத்தமாராமயவுக்குப் போன பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கினார்கள். ஒருவர் இறந்தார், வழக்கு நிற்கவில்லை. அந்த முறைப்பாட்டை எடுத்துக்கொண்டுதான் ஒல்கொட் லண்டன் போனார். 1885இல் வெசாக் விடுமுறை கிடைத்தது. பௌத்தர்களின் குறை பொய்க்குறை என்று நினைக்கும் தமிழர்களுக்கு இந்தச் சம்பவம் கட்டாயம் தேவை.

சுவடிக்கூடம்:

மேலே உள்ளதற்கு ஒரு சோதனை உதாரணம். 1864இல் தோன்றிய ராமஞ்ஞ நிக்காய என்ற பிக்கு பிரிவு, வினய (பிக்குகளுக்கான விதி) ஒழுக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பிரிந்தது. இரண்டு தோளையும் மூடும் சீவரம், பனையோலைக் குடை, சாதி பார்க்காத உபசம்பதா (முழுத் துறவுச் சடங்கு). முதல் கேள்விக்கு முழு மதிப்பெண். அரசியல் கோரிக்கை இல்லை. 1920களில் இந்தியாவின் மேவாத்தில் தொடங்கிய முஸ்லிம் பிரசார இயக்கமான தப்லீக் ஜமாஅத்தும் அப்படியே: உடை, தொழுகை, பயணம் எல்லாவற்றிலும் கடுமை, அரசைப் பிடிக்கும் திட்டம் இல்லை. தாடியையும் சீவரத்தையும் பார்த்து அடிப்படைவாதத்தை அளப்பவர்கள் இந்த இரண்டிலும் தவறிவிடுவார்கள்.

தூண்டில்:

மறுபக்கம் அதைவிட ருசி. 1923இல் இந்துத்துவத்துக்கு வரைவிலக்கணம் எழுதிய சாவர்க்கர் பக்திமான் இல்லை. பசு பயனுள்ள மிருகம், கும்பிட வேண்டிய தெய்வமில்லை எண்டவர். அவருக்கு இந்து எண்டால் இந்த மண்ணைத் தந்தையர் நாடாகவும் புண்ணிய பூமியாகவும் கொண்டவன். வேதம், ஆகமம், சடங்கு எதுவும் தேவையில்லை. இரண்டு வருசத்தில் நாக்பூரில் ஆர்எஸ்எஸ். 1992 டிசம்பர் 6, பாபர் மசூதி இடிப்பு வரைக்கும் போகும் பாதை அங்கே தொடங்குது. இது உங்கட முதல் கேள்வியில் தோற்கும், இரண்டாவதில் நூற்றுக்கு நூறு எடுக்கும். அப்ப இது அடிப்படைவாதமா, மதத்தின் பெயரில் தேசியவாதமா?

சுவடிக்கூடம்:

மத தேசியவாதம். இரண்டையும் ஒரே கூடைக்குள் போட்டால் அமர்வு குழம்பும். நூலை மையமாக வைப்பதை அடிப்படைவாதம் என்றும், மண்ணையும் இனத்தையும் மையமாக வைப்பதை மத தேசியவாதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கலக்கும் இடங்கள் உண்டு. இஸ்ரேலில் 1974இல் தொடங்கிய குஷ் எமுனிம் குடியேற்ற இயக்கம் அதற்குச் சரியான உதாரணம்: வேதத்தை நிலவரைபடமாக வாசித்தது.

மருதானைச் சந்தி:

முஸ்லிம் பக்கத்தை நான் எழுதுகிறேன், யாரும் கூச்சப்பட்டு விட்டுவிட வேண்டாம்.

1928இல் ஹஸனுல் பன்னா எகிப்தின் இஸ்மாயிலியாவில் இஃக்வானுல் முஸ்லிமீனை (முஸ்லிம் சகோதரத்துவம்) தொடங்கினார். அந்த ஊர் சுயஸ் கால்வாய்க் கம்பனியின் நகரம், முதல் உறுப்பினர்கள் அங்கே வேலைசெய்த ஆறு தொழிலாளர். 1941இல் லாகூரில் மௌதூதி ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கினார். இரண்டு பேரும் மதரஸாவில் பட்டம் எடுத்து வழமையான உலமாவாக (மார்க்க அறிஞர்) வேலை பார்த்தவர்கள் இல்லை. பன்னா பாடசாலை ஆசிரியர், மௌதூதி பத்திரிகையாளர். இறைவனுக்கே இறைமை என்று மௌதூதி சொன்னபோது, பழைய ஃபிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் தேடினாலும் கிடைக்காத “அரசு” என்ற நவீன எந்திரத்தைத்தான் அவர் அந்த இடத்தில் வைத்தார்.

மூன்றாவது கேள்விக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது: 1953இல் லாகூரில் அஹ்மதியா பிரிவினருக்கு எதிராகக் கலவரம். நீதியரசர் முனீர் ஆணைக்குழு 1954இல் அறிக்கை கொடுத்தது. முஸ்லிம் என்றால் யார் என்று உலமாக்களிடம் தனித்தனியாகக் கேட்டார்கள். இரண்டு பேருடைய விடையும் ஒத்துப்போகவில்லை. ஒருவருடைய வரைவிலக்கணத்தை எடுத்தால் மற்றவர்கள் எல்லாரும் வெளியே. ஆனாலும் 1974இல் பாகிஸ்தான் பாராளுமன்றம் அந்த வேலையைச் செய்து, அஹ்மதியாக்கள் முஸ்லிம்கள் அல்ல என்று அரசியலமைப்பில் எழுதியது. அப்போது பிரதமர் பூட்டோ. அவரை யாரும் மார்க்கப் பற்றாளர் என்று சொல்லமாட்டார்கள்.

ஈரான்: கொமெய்னி 1970இல் ஈராக்கின் நஜஃபில் கொடுத்த விரிவுரைகளில் சட்டவறிஞரின் ஆட்சி என்ற கோட்பாட்டை விரித்தார். அதே நஜஃபில் இருந்த பெரிய ஆயத்துல்லா கூயீ அதை ஏற்கவில்லை. ஷீஆ மரபில் அது புதுச் சரக்கு. 1979க்குப் பிறகு ஷரீஅத்மதாரி போன்ற மூத்த ஆயத்துல்லாவே ஓரங்கட்டப்பட்டார். பிறகு 1988 ஜனவரியில் கொமெய்னி எழுதியது என்ன? இஸ்லாமிய அரசைக் காப்பது முதல் கடமை, அதற்குத் தேவைப்பட்டால் தொழுகை, நோன்பு, ஹஜ் ஆகியவற்றையும்விட அரசின் தீர்மானம் முந்தும் என்று. அரசியலாகிய மதத்தில் கடைசியில் எது எதை விழுங்கும் என்பதற்கு இந்த ஒரு கடிதம் போதும்.

இலங்கைக்கு வருவோம். 1970களின் கடைசியிலிருந்து வளைகுடா வேலைவாய்ப்பு. அதோடு வந்த தௌஹீத் (தூய ஏகத்துவ) பிரசாரம் முதலில் மோதியது பௌத்தர்களோடோ தமிழர்களோடோ அல்ல; தர்கா, கந்தூரி, மௌலிது, தரீக்கா என்ற ஸூபி வழக்கங்களோடு. காத்தான்குடியில் ஸூபி அணியின் பள்ளிவாசலும் வீடுகளும் தாக்கப்பட்டது 2019க்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே. 2019 குண்டுவெடிப்புகளின் தலைவன் ஸஹ்ரான் தலைமறைவானதும் 2017 மார்ச்சில் ஸூபிகளோடு நடந்த மோதலுக்குப் பிறகுதான். 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைப்பு, 2019 ஏப்ரல் 21இல் மூன்று தேவாலயத்திலும் மூன்று ஹோட்டலிலும் குண்டு, 260க்கு மேற்பட்ட உயிர். ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. ஸூபிகள் பொலிஸுக்குக் கொடுத்த முறைப்பாடுகளை “அது அவங்கட உள்வீட்டுச் சண்டை” என்று பார்த்ததுதான் முதல் பிழை. உள்வீட்டுச் சண்டைதான் அறிகுறி.

ஆனால் வளைகுடாக் காசு என்ற ஒரு காரணத்தோடு நிறுத்தாதீர்கள். 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். அந்த ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுப்பேரும் வெளியேற்றப்பட்டார்கள். தமிழ் பேசும் மக்கள் என்ற அடையாளத்துக்குள் இடமில்லை என்று ஆனபின், மார்க்க அடையாளம் ஒன்றுதான் மிஞ்சியது. இதைத் தமிழ் வாசிப்பு வட்டத்தில் சொல்லாமல் விட்டால் அமர்வு அரைகுறை.

கடலோர வீதி:

நன்றி நானா. 1990 கட்டாயம் இருக்கும்.

தூண்டில்:

மூன்றாவது கேள்விக்கு இன்னொரு வரிசை. காந்தி 1948, பண்டாரநாயக்க 1959, எகிப்தின் சதாத் 1981, இஸ்ரேலின் ராபின் 1995. நாலு பேரையும் கொன்றது அவரவர் சமயத்தவர்.

கறுப்புக் கோட்:

அந்த வரிசையில் பண்டாரநாயக்கவை எடுத்துவிடுங்கள், அல்லது அடிக்குறிப்போடு வையுங்கள். சுட்டவர் தல்துவே சோமராம தேரர், சதிக்குத் தலைமை களனி விகாராதிபதி மாப்பிட்டிகம புத்தரக்கித தேரர். சரி. ஆனால் வழக்கில் வெளிவந்த நோக்கம் கோட்பாடு அல்ல, அரசாங்க ஒப்பந்தம் கிடைக்காத வியாபார ஏமாற்றம். 1956இல் எக்சத் பிக்கு பெரமுன என்ற பிக்குகள் அமைப்பு மூலம் அவரைப் பதவிக்குக் கொண்டுவந்தவர் புத்தரக்கித. கொடுத்த ஆதரவுக்குக் கணக்குக் கேட்டார். காந்தி, ராபின் கொலைகளில் கொன்றவர்களே கொள்கைக் காரணம் சொன்னார்கள். வேறுபாடு பெரியது. சமய அரசியலுக்குள் ஒப்பந்தமும் தரகும் எவ்வளவு சீக்கிரம் நுழைகின்றன என்று காட்ட இந்த வழக்கு நல்லது, தியாகி வரிசைக்கு நல்லதல்ல.

தூண்டில்:

சரி, அடிக்குறிப்போடு. அப்ப பெரிய கேள்விக்கு வருவம். சிங்கள பௌத்த அரசியல் அடிப்படைவாதமா? நான் இல்லையெண்டு சொல்லுவன். வினய பிடகத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் பிக்கு பாராளுமன்றத்துக்குள் கால் வைக்கவே ஏலாது. உண்மையான நூல்வாதி முதலில் பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமயவைத்தான் எதிர்த்திருப்பான்.

சுவடிக்கூடம்:

இந்த முரணை அமர்வின் நடுப்பகுதியில் வையுங்கள், எல்லாரையும் சிந்திக்க வைக்கும். இங்கே மூல நூலின் இடத்தில் பௌத்த வேதமான திரிபிடகம் இல்லை, தீவின் பழைய வரலாற்று நூலான மகாவம்சம் இருக்கிறது. தீவும் இனமும் சாசனமும் ஒன்று என்ற வாசிப்பு. ஆகவே மத தேசியவாதத்தின் பக்கமே இதன் எடை அதிகம்.

வேர் 1815 மார்ச் 2. கண்டி உடன்படிக்கையின் 5ஆம் பிரிவு பௌத்தத்தை மீறப்படாததாக அறிவித்து, அதன் சடங்கையும் மதகுருமாரையும் இடங்களையும் காப்போம் என்றது. கிறிஸ்தவ அரசி பௌத்தத்துக்குக் காவலா என்று மிஷனரிமார் எதிர்க்க, 1840களில் பிரித்தானியர் கையை எடுத்தார்கள். அரசனின் காவலும் போய், அரசின் காவலும் போனது. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் கொழும்பு, காலி, பாணந்துறை நகர்ப்புறப் பௌத்தர் வந்தார்கள்: வியாபாரிகள், ஆங்கிலம் படித்தவர்கள். பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் தர்மபால மகாபோதி சங்கத்தைத் தொடங்கியது 1891. மதுவிலக்கு இயக்கம் 1904இலும் 1912இலும்.

1946 பெப்ரவரியில் வித்தியாலங்கார பிரிவேனா (பிக்குகளின் கல்விக்கூடம்), அரசியல் பிக்குவின் கடமை என்று பிரகடனம் செய்தது. அதில் பலர் இடதுசாரிகள், வலதுசாரி இனவாதம் என்று அந்த ஆண்டைச் சுருக்கிவிட முடியாது. 1954–56இல் அகில இலங்கை பௌத்த காங்கிரஸின் விசாரணைக் குழு நாடெங்கும் சாட்சியம் எடுத்து, மிஷன் பள்ளிகளுக்குப் போகும் அரச பணத்தைக் கணக்கோடு வெளியிட்டது. அந்தக் கணக்கு பொய்யில்லை. புத்த ஜயந்தி (பௌத்தத்தின் 2,500ஆம் ஆண்டு நிறைவு) ஆண்டும் தேர்தல் ஆண்டும் 1956இல் ஒன்றாக வந்தன. ஜூன் 5இல் தனிச் சிங்களச் சட்ட மசோதா, அதே நாள் காலிமுகத்திடலில் தமிழ்ச் சத்தியாக்கிரகிகளுக்கு அடி.

இங்கே பிக்குகளை மட்டும் பார்க்காதீர்கள். 1957 ஜூலை 26இல், தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் பகிரும் பண்டா–செல்வா ஒப்பந்தம். அந்த ஒக்டோபரில் அதற்கு எதிராகக் கண்டிக்கு நடைபயணம் புறப்பட்டு இம்புல்கொடையில் மறிக்கப்பட்டவர் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜே. ஆர். ஜயவர்தன. 1958 ஏப்ரல் 9இல் பண்டாரநாயக்கவின் ரோஸ்மீட் பிளேஸ் வீட்டு வாசலில் பிக்குகள் அமர்ந்து, ஒப்பந்தம் கிழிந்தது என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பெரிய கட்சியும் மாறிமாறி விலை கூட்டும் ஏலத்தில் சமயத் தலைவர் ஏலதாரர் அல்ல, ஏலப்பொருளை வைத்திருப்பவர். அதனால்தான் 2004இல் பிக்குகளே நேரடியாகப் போட்டியிட்டபோது ஏறத்தாழ 6 வீத வாக்கும் 9 ஆசனமும் மட்டுமே கிடைத்தன. கட்சிக்கு வெளியே நின்றபோதுதான் அவர்களின் செல்வாக்கு அதிகம்.

கொட்டாஞ்சேனைக்காரி:

சம்பவங்களைப் பேசும் முறைக்கு ஒன்று சொல்கிறேன். யார் முதலில் அடித்தார் என்று கேட்டால் சண்டைதான் வரும். சின்னச் சம்பவத்துக்கும் பெரிய கலவரத்துக்கும் நடுவில் எத்தனை நாள் என்று கேளுங்கள். அந்த நாட்களில்தான் வேலை நடக்கிறது.

1915: கம்பளைப் பெரஹெரா (கோயில் ஊர்வலம்) பள்ளிவாசலைக் கடக்கும்போது பறை அடிக்கலாமா என்ற வழக்கு. கண்டி மாவட்ட நீதிமன்றம் பெரஹெரா நடத்தும் கோயில் பக்கம் தீர்த்தது, உயர் நீதிமன்றம் 1915 பெப்ரவரியில் அதை மாற்றியது. கலவரம் மே 28, வெசாக் இரவு, கண்டியில். நடுவில் மூன்று மாதத்துக்கு மேல். அந்த இடைவெளியில் யுத்தகால விலையேற்றம், இந்தியாவிலிருந்து வந்த ‘கரையோர முஸ்லிம்’ கடைக்காரர்மீது பத்திரிகைகள் வளர்த்த வெறுப்பு. கொழும்பில் ரயில்வே தொழிலாளரும் இறங்கினார்கள். ஜூன் 2இல் இராணுவச் சட்டம். கொள்ளைபோன கடைகள் 4,000க்கு மேல்.

அளுத்கம: 2014 ஜூன் 12, பொசன் போயாவன்று ஒரு தேரருடைய சாரதியோடு கைகலப்பு. ஜூன் 15இல் பொதுபல சேனா என்ற தீவிர பௌத்த அமைப்பின் கூட்டம், அன்றே தீ. மூன்று நாள். கூட்டத்தைத் தடைசெய்யச் சொல்லிக் கேட்க அந்த மூன்று நாளும் இருந்தன, கேட்டும் இருந்தார்கள்.

திகன: 2018 பெப்ரவரி 22இல் ஒரு சிங்கள லொறிச் சாரதி தாக்கப்பட்டார், மார்ச் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார், 4ஆம் 5ஆம் திகதிகளில் கலவரம், 6இல் அவசரகால நிலை, 7இல் பேஸ்புக் தடை. அதற்கு இடையில் அம்பாறைக் கடையில் கொத்து ரொட்டியில் கருத்தடை மாத்திரை என்ற வதந்தி. அரச பகுப்பாய்வாளர் பார்த்தது மாக்கட்டி. அறிக்கை வரும்போது பள்ளிவாசல் எரிந்து ஆறிவிட்டது. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

மூன்றையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதினால் அச்சு, மேடை, கைத்தொலைபேசி என்று கருவி மாறுவதும், இடைவெளி சுருங்குவதுபோலவும் தெரியும். ஆனால் திகனவில் பத்து நாள் இருந்தது. சுருங்குகிறது என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவோருக்கு அதைக் காட்டுங்கள்.

மருதானைச் சந்தி:

1915ஐ எடுத்தால் தமிழ்த் தலைவர் பொன். ராமநாதனையும் எடுக்க வேண்டும். கைதான சிங்களத் தலைவர்களுக்காக லண்டன்வரை போய் வாதாடியவர் அவர். இராணுவச் சட்டத்தின் கொடுமையைக் கண்டித்தது நியாயம், சிங்கள இளைஞர் ஹென்றி பேதிரிஸுக்கு மரணதண்டனை கொடுத்தது அநியாயம். ஆனால் எரிந்த கடைக்காரருக்காக அந்தக் குரல் எழும்பவில்லை. அதற்கு முன்பே, 1880களில், சோனகர் (இலங்கை முஸ்லிம்கள்) இனத்தால் தமிழர் என்று அவர் வாதித்திருந்தார். முஸ்லிம் தலைவர்கள் தமிழ் அரசியலை நம்பாமல் போனதற்கு இந்த இரண்டையும் இன்றைக்கும் சொல்வார்கள்.

கறுப்புக் கோட்:

சட்டப் பக்கம். பலரும் இன்றைய அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையை மட்டும் பிடித்துத் தொங்குவார்கள், ஆகவே வரிசையாகப் பாருங்கள்.

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2), எந்தச் சமயத்தவருக்கும் சலுகையோ பாதிப்போ கொடுக்கும் சட்டத்தைத் தடுத்தது. 1972இல் அது போய் 6ஆம் பிரிவு வந்தது: பௌத்தத்துக்கு முதன்மை இடம். 1978இல் அதுவே 9ஆம் உறுப்புரை. அதே அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரத்தை எந்த வரையறையும் இல்லாமல் கொடுக்கிறது. 83இன்படி இரண்டையும் மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். இரண்டும் ஒரே பூட்டுக்குள். ஒன்றை மட்டும் எடுப்பது நடைமுறையில் கனவு.

நடைமுறை எங்கே பிசகுகிறது? 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் மசோதாவில் உயர் நீதிமன்றம், மதத்தைப் பரப்புவது அடிப்படை உரிமை அல்ல என்றது, 9ஐயும் துணைக்கு எடுத்தது. 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அதை உரிமை மீறல் என்றது. ஆனால் 2004இல் ஜாதிக ஹெல உறுமயவின் மதமாற்றத் தடை மசோதா வந்தபோது அதே நீதிமன்றம் 10ஐக் கையில் எடுத்து முக்கிய பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று மறித்தது. ஆகவே 9 எப்போதும் வெல்லும் என்பதும் தவறு, வெறும் அலங்காரம் என்பதும் தவறு.

அடுத்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டம், பிரிவு 3. மத வெறுப்பைத் தூண்டுவது குற்றம். மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விதிவிலக்கான சூழலில்தான் பிணை கொடுக்கலாம் என்று அது எழுதப்பட்டது. சிறுபான்மையைக் காக்கும் சட்டம் என்று எல்லாரும் நினைத்தார்கள். 2019இல் அதில் உள்ளே போனவர்களில், பிக்குகளைப் பற்றி ஒரு சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் ஒருவர், நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியல். கப்பற்சுக்கான் படம் போட்ட சட்டை உடுத்த ஒரு முஸ்லிம் பெண், அது தர்மச்சக்கரம் என்று பொலிஸ் நினைத்ததால். பிணை கடினமாக இருந்ததால் தண்டனை விசாரணைக்கு முன்பே முடிந்துவிட்டது. புதிய வெறுப்புப் பேச்சுச் சட்டம் வேண்டும் என்று வட்டத்தில் யாராவது எழும்பினால், முதலில் பிணை யார் கையில் என்று கேளுங்கள்.

தூண்டில்:

எங்கட பக்கத்துக்கு இரண்டு வரி. 1968 மாவிட்டபுரம்: ஒடுக்கப்பட்ட சாதியார் கோயிலுக்குள் போகச் சத்தியாக்கிரகம், வாசலில் மறித்து நிண்டது சுந்தரலிங்கம், ஒக்ஸ்போர்டில் கணிதம் படித்த முன்னாள் அமைச்சர். 1957இன் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தில் அவருக்குத் தண்டனை வந்தது. பிறகு 2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற இந்து அமைப்பு. மதமாற்றம், மாட்டிறைச்சி எண்டு கோரிக்கைப் பட்டியல் இந்தியாவில் அச்சடித்தது மாதிரியே இருக்கு. நாவலரில் இல்லாத இரண்டாவது கேள்வி இங்கேதான் உள்ளே வருது.

சுவடிக்கூடம்:

மாவிட்டபுரம் அடிப்படைவாதம் அல்ல. இருந்த வழக்கத்தை அப்படியே வைத்திருக்கும் பழைமைவாதம். அடிப்படைவாதி இருக்கும் வழக்கத்தை உடைத்துத்தான் தன் மூலத்துக்குப் போவான். 1920களின் நடுவில் மதீனாவின் பகீஃ மயானக் கல்லறைகளை இடித்த சவூதி வஹாபிகளுக்கு முன்னால் நூற்றாண்டுகாலப் பழைமை நின்றது, அவர்கள் அதைக் காக்கவில்லை. சிவசேனை பற்றி உங்களோடு உடன்படுகிறேன், ஆனால் அதன் அளவை மிகைப்படுத்த வேண்டாம்.

தூண்டில்:

சாதியைக் காக்கிறதுக்கு ஆகமத்தை மேற்கோள் காட்டினால் அதுவும் நூலைப் பொறுக்கிறதுதான் ஐயா. இதில் உங்களோட ஒத்துவரமாட்டன்.

கடலோர வீதி:

அந்தச் சண்டையையே அமர்வுக்குள் எடுக்கிறேன். முதல் அரைமணி மூன்று கேள்விகளும் 1864–1925உம். அடுத்து வினாவிடைப் புத்தகங்களும் குடிசன மதிப்பீடும். தேத்தண்ணிக்குப் பிறகு 1915, 2014, 2018 ஒரே தாளில், மருதானை நானாவின் 1990. 1956 எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. முன்னால் வைத்தால் நேரம் முழுக்க அதுவே தின்றுவிடும்.

கொட்டாஞ்சேனைக்காரி:

கடைசியில் வையுங்கள் தம்பி, அதுவும் காலிமுகத்திடலில் தொடங்காமல் பௌத்த காங்கிரஸின் பள்ளிக்கூடக் கணக்கில் தொடங்குங்கள். 1960–61இல் பள்ளிகள் அரசுக்குப் போனபோது கத்தோலிக்கப் பெற்றோர் வகுப்பறைகளில் படுத்துக் கிடந்ததையும் சேருங்கள். மொழியால் தமிழரும் சிங்களவருமான கத்தோலிக்கர் ஒரே பக்கம் நின்ற கடைசிப் பெரிய போராட்டம் அது, அதன் பிறகு மொழி எங்களையும் பிரித்துவிட்டது. 1956ஐ மொழிச் சட்டமாக மட்டும் தெரிந்தவர்களுக்கு அந்த வழியாகப் போனால்தான் அதன் சமயப் பாதி கண்ணில் படும்.

கறுப்புக் கோட்:

தாள் அடிக்கும்போது 9ஆம் 10ஆம் உறுப்புரைகளின் முழு வாசகத்தையும் மூன்று மொழியிலும் போடுங்கள். பாதிச் சண்டை 9இன் பிற்பாதியை யாரும் வாசிக்காததால் வருவது: மற்ற எல்லா மதங்களுக்கும் 10ஆலும் 14(1)(உ)ஆலும் கிடைத்த உரிமைகளை உறுதிசெய்துகொண்டே பௌத்தத்தைப் பேண வேண்டும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது.